எட்டு மாதம் தாமதமாக வந்த முழங்கால்

நிஷினோமியா,
டிசம்பர் 11

அன்புள்ள மிசாதோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை டோபியும் அங்கே பெர்த்தில் வெயிலில் வதங்காமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இங்கே சௌக்கியம். இந்த வருஷம் இந்தச் சொல்லை உனக்குப் பலமுறை எழுதியிருக்கிறேன், ஆனால் மனதார எழுதுவது இதுதான் முதல் தடவை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று நெற்றியைச் சுருக்காதே, சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லப்போனால் உட்காரவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். பயப்படாதே. எட்டு மாதமாக நீ போனில் நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறாயே என்னுடைய புது முழங்கால், அது போன செவ்வாய்க்கிழமைதான் எனக்கு வந்தது.

இரண்டாவது தடவை படித்துக்கொள். ஏப்ரலில் ஆபரேஷன் நடக்கவில்லை. நன்றாக நடந்தது, டாக்டர் கெட்டிக்காரர், பக்கத்துக் கட்டில் அம்மாள் குறட்டை விடுகிறாள் என்றெல்லாம் உனக்குச் சொன்னது முழுப் பொய். குறட்டை அம்மாளையும் நானேதான் உண்டாக்கினேன். வீடியோவில் நான் நடந்து காட்டினேனே, நீகூடக் கைதட்டினாயே, அது சமையலறைத் தொட்டியிலிருந்து மேஜை வரை மூன்றே அடி. போனைப் பிடித்துக்கொண்டிருந்தது என் சிநேகிதி சொனோதா, படத்துக்குக் கீழே என் வலது கை அலமாரியை இறுகப் பிடித்திருந்தது. தழும்பைக் காட்டச் சொன்னாய், வெளிச்சம் படக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். நீ உடனே "அப்ப மூடியே வை, மூடியே வை" என்று பதறினாய். போனை வைத்துவிட்டு நெடுநேரம் தொட்டிப் பக்கமே நின்றிருந்தேன்.

நடந்தது இதுதான். மார்ச்சில் நீ பணம் அனுப்பினாய், ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போக முடியாது, அந்த நாட்களுக்கு வாடகைக்கும் அரிசிக்கும் ஆகட்டும் என்று. ஆஸ்பத்திரியில் தேதியும் வாங்கிவிட்டேன். அதற்கு ஐந்து நாள் முன்னால், பெண்களே ஆண் வேஷமும் கட்டும் நம் பக்கத்து நாடகக் குழுவின் கசுமோரி ரென் மேடையை விட்டு விலகப்போவதாக அறிவிப்பு வந்தது. கோடையில் நம் ஆற்றங்கரை அரங்கத்தில் கடைசி நாடகம், அதே நாடகம் இலையுதிர் காலத்தில் டோக்கியோவில், அத்தோடு சரி. உனக்கு ரென் என்றால் என் சமையலறைக் காலண்டரில் இருக்கும் தொப்பி போட்ட ஆள், அவ்வளவுதான். "அது பொம்பளையாம்மா?" என்று நீ கேட்டபோது உனக்கு இருபத்திரண்டு வயது. உன் அப்பா இறந்துபோன வருஷம், வீட்டுக்குள்ளேயே கிடந்த என்னைச் சொனோதா நாடகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ரென் மூன்றாவது படைவீரன், வசனமே கிடையாது. நாடகத்தின் கடைசியில் மேடைப் படிக்கட்டில் முதுகில் இறகு கட்டிக்கொண்டு எல்லோரும் இறங்கி வரும்போது அந்தப் பிள்ளைக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது, வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது, சிரிப்பு மட்டும் கலையவே இல்லை. நான் ஏழு மாதத்தில் முதல் தடவையாக அழாமல் வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து பதினொரு வருஷம், அந்த மூன்றாவது படைவீரன் கதாநாயகன் ஆகும் வரை பார்த்தேன். அவளைக் கடைசியாக ஒருமுறை பார்க்காமல் கட்டிலில் கிடப்பதா என்றுதான் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை, அதுதான் குற்றம்.

எங்கள் ரசிகர் சங்கத்தில் முறை என்னவென்று உனக்குத் தெரியாது. காலையில் ரென் அரங்கத்துக்குள் போகும்போதும் மாலையில் வெளியே வரும்போதும் சங்கத்து ஆட்கள் ஒரே நிறத் துண்டு போட்டுக்கொண்டு நடைபாதையில் வரிசையாக இருக்க வேண்டும். தலைவி இவாகி கண் ஜாடை காட்டினால் முன்வரிசை அப்படியே குந்திக்கொள்ள வேண்டும், பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கக்கூடாது. பேசக்கூடாது, தொடக்கூடாது, கடிதம் மட்டும் நீட்டலாம். யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று பார்த்துத்தான் நல்ல இருக்கை கிடைக்கும். மூன்று மாதம் வராதவளுக்குக் கடைசி நாள் டிக்கெட் என்ற பேச்சே இல்லை. ஆக எனக்கு முழங்கால் வேண்டுமா ரென் வேண்டுமா என்றாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதியைத் தள்ளி வைத்தேன். நீ வாடகைக்கு அனுப்பியது டிக்கெட்டாகவும் டோக்கியோ பஸ்ஸாகவும் போய்விட்டது.

என்னை மட்டும் பைத்தியம் என்று நினைக்காதே, இருக்கிறவர்களில் நான்தான் தேவலை. சொனோதா காப்பீட்டு ஆபீசில் நிரந்தர வேலையில் இருந்தவள். பதவி உயர்வு கொடுத்து சப்போரோவுக்குப் போகச் சொன்னார்கள், அங்கேயிருந்து எப்படி நாடகம் பார்ப்பது என்று அந்த வேலையையே விட்டுவிட்டு இப்போது தினக்கூலி மாதிரி ஒரு வேலையில் இருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் பயற்று முளையை வதக்கிச் சாப்பிடுகிறாள், கடைக்காரன் இவளைக் கண்டாலே இரண்டு பொட்டலம் எடுத்து வைத்துவிடுவான். இவாகி பதினைந்து வருஷமாகத் தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்கிறாள், பின்பக்கம் பார்த்தால் தெரியும். இன்னொருத்தி குளிர்பெட்டி கெட்டுப்போய் இரண்டு வருஷமாகப் பாலை பால்கனியில் வைத்துக் குடிக்கிறாள், கோடையில் பாலே குடிப்பதில்லை. நான் கடைவாய்ப் பல்லைக் கட்டாமல் விட்டேன், பேப்பரை நிறுத்தினேன், ஒருநாள் விட்டு ஒருநாள் வெந்நீர்க் குளியல், மதியத்துக்குக் கடையில் விற்காமல் மிஞ்சுகிற சாப்பாடு. நீ கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாய், உன் அம்மா ஒன்பது வருஷத்துப் பழைய கண்ணாடியோடு திரிகிறாள். பைனாகுலர் மட்டும் புதுசு. இதையெல்லாம் நாங்கள் தியாகம் என்று பேசிக்கொண்டதே இல்லை. ஒருத்தி சொன்னால் இன்னொருத்தி அதைவிட மோசமாக ஒன்று சொல்வாள், சிரிப்போம். ஆனால் அதெல்லாம் எங்களுடையது, நாங்கள் விட்டோம். உன்னுடையதை எடுத்து நான் விட்டேனே, அது எந்தக் கணக்கிலும் சேராது.

டோக்கியோவில் அந்தக் கடைசி நாளையும் சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் சிரித்துக்கொள். அன்றைக்கு எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்த வேண்டும். நாடகம் முடிந்து ரென் கறுப்புக் கிமோனோவும் பச்சைக் கீழாடையுமாகக் கைநிறையப் பூவோடு வெளியே வந்து, எங்கள் வரிசை முழுக்க நடந்து போய்க் காரில் ஏறுவாள். எனக்கு முன்வரிசை. பதினொரு வருஷத்துக்குக் கிடைத்த இடம். முழங்கால் சரியில்லாதவர்கள் பின்னால் நின்றுகொள்ளலாம் என்று இவாகி முந்தின நாளே சொன்னாள், நான் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். ஜாடை காட்டினாள், குந்தினேன். குந்தினதும் உள்ளே ஏதோ பூட்டுப் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சுற்றிலும் எல்லோரும் அழுவதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வலியில் தலை குனிந்துவிட்டது, நிமிர்த்த முடியவில்லை. ரென் என் முன்னால் வந்தாள். நான் பார்த்தது வெள்ளைக் காலுறை போட்ட இரண்டு பாதம், செருப்பு வார், பச்சைத் துணியின் ஓரம். அது நின்றதா, மெதுவாக நகர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. போய்விட்டது. கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்தார்கள், நான் மட்டும் கொக்கு மாதிரி உட்கார்ந்தே இருந்தேன்.

இவாகியும் சொனோதாவும் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கி ஒரு கட்டைச் சுவரில் உட்கார வைத்தார்கள். இவாகி சங்கத்து மரியாதையெல்லாம் மறந்து கத்தினாள். "முட்டி இந்த லட்சணத்துல இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பின்வரிசையில நிக்க வெச்சிருப்பேனே! நின்னிருந்தா மூஞ்சி நல்லாத் தெரிஞ்சிருக்கும்ல!" என்றாள். சொனோதா மெதுவாக, "என்னதாங்க பாத்தீங்க?" என்று கேட்டாள். "இடது பாதம் நல்லாப் பாத்தேன்" என்றேன். மூன்று பேரும் வெள்ளை உடுத்திய பேய்கள் போல அங்கேயே விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு சொனோதா, "நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்க வேணாம்ல?" என்று கேட்டுவிட்டுத் தேம்பி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது. அவ்வளவு பாடுபட்டுப் பார்க்க வந்ததைப் பார்க்கவில்லை, ஆனாலும் போதும் என்று தோன்றியது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

அந்த நிம்மதியைப் போன மாதம் டோபி உடைத்தான். என் பிறந்தநாளுக்கு நீ கடையில் இருக்கும்போது அவனே போன் போட்டான். அவனுடைய அரைகுறை ஜப்பானிய மொழியில், "அம்மா, முட்டி நல்லா? மிசாதோ புதுவருஷம் ஊர் போக டிக்கெட் வேண்டாம் சொன்னா. கொஞ்சம் அழுதா. அம்மா முட்டி முக்கியம், அடுத்த வருஷம் போலாம் சொன்னா" என்றான். நீ என்னிடம் டோபிக்கு லீவு கிடைக்கவில்லை என்றல்லவா சொன்னாய்? நீ ஊருக்கு வர வைத்திருந்ததை எனக்கு அனுப்பியிருக்கிறாய். மூன்று வருஷமாக உன் முகத்தை நேரில் பார்க்கவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டுபோய் இன்னொருத்தி மகளை வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறேன். அவன்மேல் கோபப்படாதே, அவனுக்கு மறைக்கத் தெரியாது, நம் வீட்டில் அப்படி ஒருவராவது வேண்டும்.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதிர்ஷ்டம், யாரோ ரத்து செய்த தேதி கிடைத்தது. கடை முதலாளி மார்ச் வரை என் இடத்தில் வேறு ஆள் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொனோதா தன் அறையைக் காலி செய்துவிட்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள், வாடகையில் பாதி அவளுடையது, பயற்று முளை வாசனையும் அவளுடையது. ஆபரேஷனுக்கு முன்னால் நர்சுப் பெண் "மகளுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டாள். "தெரியும்" என்றேன். மயக்க மருந்து ஏறும்போதுதான் உறைத்தது, இங்கேயே எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஏப்ரலில் குணமாகிவிட்ட காலுக்கு டிசம்பரில் ஏன் ஆபரேஷன் என்று உனக்கு யார் சொல்வார்கள்? கண் விழித்ததும் சொனோதா, "இனி பேசாம விட்டுடுங்க, பொய்யே தானா நிஜமாயிடுச்சு, தேதி மட்டும்தானே தப்பு" என்றாள். வாஸ்தவம்தான், இனி நீ எப்போது வந்து பார்த்தாலும் தழும்பு இருக்கும். ஆனால் உன் புதுவருஷம் அதில் இல்லையே. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடிக்கப்போகிறேன் என்னும்போதே மூச்சு தாராளமாக வருகிறது, நிஜமாகச் சொல்கிறேன்.

முழங்கால் தொண்ணூறு டிகிரி மடங்குகிறது, நடைபாதைக் கோடி வரை நடைவண்டியோடு போய் வருகிறேன். புதிதாக மேடையேறிய ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்துவைத்திருப்பதாகச் சொனோதா நேற்று ஆரம்பித்தாள். காதைப் பொத்திக்கொண்டேன். இனிமேல் நாடகமே பார்க்கமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்யமாட்டேன், இன்னொரு பொய் வேண்டாம். ஆனால் உன் வரவை விற்று ஒருநாளும் பார்க்கமாட்டேன், இது சத்தியம்.

வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, டோபியை வேளைக்குச் சாப்பிடச் சொல். இரண்டு பேரும் குறை ஒன்றும் இல்லாமல், ஒருவருக்கொருவர் மறைக்காமல் நீண்டநாள் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, இது கைக்குக் கிடைத்ததும் போன் செய். கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதே, கோபத்தோடேயே செய், வாயில் வந்தபடி திட்டு. எட்டு மாதமாக நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது ஒரு பொய்க்காரி. இந்த முறை போனை எடுப்பது நான்தான்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா