நெட்டையும் கண்ணாடியும் காப்புக் கட்டிய பங்குனி

1997 பிப்ரவரி 27
காலையில் மீன்சாறு ஊற்றிய மோஹிங்கா நூடுல்ஸ், மத்தியானம் கரண்ட் இல்லை, சாயங்காலம் கால் வலி. டூர் கம்பெனி இன்று என் தலையில் கட்டிய வெளிநாட்டுக்காரர் நல்ல நெட்டை. ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றிக் காட்டினால் மனுஷன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "தாகேதா மாரியம்மன் கோவிலில் தீ மிதிக்கிறவர்கள் முன்னதாக ஏதாவது குடிப்பார்களா?" என்று கேட்கிறார். மஞ்சள் தண்ணீர் என்றேன். "அதில் என்ன கலப்பார்கள்?" மஞ்சள் தண்ணீரில் என்ன கலப்பார்கள்? மஞ்சள்தான்!

மார்ச் 2
இன்று வேறு ஒருவர், வேறு நாடு. இரண்டு நாடும் ஜென்ம விரோதி. பெயரை எழுதி வம்பை விலைக்கு வாங்க மாட்டேன். இவர் கண்ணாடி போட்டவர். அதே கேள்வி! கோவிலில் கொடுத்த விபூதியை நெற்றியில் பூசாமல் ஃபிலிம் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, "நல்லப்பன் உங்கள் அண்ணன்தானே?" என்றார். அண்ணன் பெயர் இவருக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 3
அண்ணன் வேலை பார்ப்பது ராணுவத்தின் மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில். கூட்டிப் பெருக்குவான், எலிகளுக்குத் தீனி வைப்பான். அங்கே காவல் நிற்கும் சார்ஜன்ட் கோ தெய்ன், குழந்தைக்கு உடம்பு தேற வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, போன வருஷம் அண்ணனோடு சேர்ந்து தீ மிதித்தார். யாரோ டூரிஸ்ட் அதைப் படம் எடுத்திருக்கிறார்; கண்ணாடி நேற்று காட்டினார். பட்டாளத்துக்காரர், ஆராய்ச்சிக்கூட ஆள், கொப்புளமே இல்லாத கால் — போதாதா? வலி தெரியாத சிப்பாயை உண்டாக்க பர்மாவில் மருந்து கண்டுபிடித்தாயிற்று என்று இரண்டு தேசமும் முடிவு கட்டிவிட்டது.

அண்ணனிடம் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "அங்க நடக்குற ரகசியம் என்னான்னு தெரியுமா தங்கச்சி? பட்டாளத்துக் கட்டில்ல மூட்டைப்பூச்சி. அதுக்கு மருந்து. பூச்சியே இன்னும் சாவல!"

மார்ச் 6
சிரிப்பெல்லாம் போச்சு. நெட்டை ஆராய்ச்சிக்கூட வாசலிலேயே நின்று அண்ணனுக்கு சிகரெட் நீட்டியிருக்கிறார். அவர் போன பிறகு, எதிர் டீக்கடையில் கண்ணாடி. நம்ம பட்டாளத்து உளவுக்காரன் ஒருத்தன் பாத்தாப் போதும், அண்ணன ஜெயில்லதான் போயிப் பாக்கணும். ஒலகத்துல ஒங்களுக்கு எங்கண்ணன்தானா கெடச்சான்?

மருந்தே கிடையாது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கத்தினேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையை ஆட்டிப் புன்னகைத்தார்கள். மறைக்கிறேனாம்!

மார்ச் 9
பூசாரி தங்கவேலு மாமாவிடம் அழுதேன். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இதுக்கா அழுவுற ராதாமணி? ரெண்டு பேரையும் காப்புக் கட்டிக்கச் சொல்லு. அவங்க காலாலயே தெரிஞ்சுக்கட்டும்" என்றார்.

ஆராய்ச்சிக்கூட வாசலில் நின்றால் ஒற்றன். கோவில் வாசலில் நின்றால் டூரிஸ்ட். எனக்கு ஏன் தோன்றவில்லை? கறி கூடாது, குடி கூடாது, செருப்பு கூடாது, தீ மிதிக்கும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். மருந்துக்குப் பத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. மறுபேச்சு இல்லை.

மார்ச் 14
காப்புக் கட்டு. வரிசையில் நெட்டைக்குப் பின்னால் கண்ணாடி. ஒருவரை ஒருவர் பார்த்ததும் இரண்டு முகமும் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"நான் டூரிஸ்ட்" என்றார் நெட்டை.

"நானும்" என்றார் கண்ணாடி.

மார்ச் 18
நெட்டைக்கு இன்று பாங்காக் விமானம். போகவில்லை. எல்லை தாண்டக்கூடாதாம்! இரண்டு பேரும் வெறுங்காலோடு விறகு சுமக்கிறார்கள். மத்தியானம் கூழுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணாடி துள்ள, நெட்டை ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு வந்தார். அண்ணன் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒருவரையொருவர் காவல் காக்கவே பொழுது சரியாக இருக்கிறது.

மார்ச் 19
நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 23
தீமிதி. மஞ்சளை அவர்கள் கண் முன்னாலேயே கரைத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுக் குடித்தார்கள். அண்ணன் இறங்கினான். கோ தெய்ன் இறங்கினார். அடுத்து நெட்டை — குழியோரத்தில் கண்ணை மூடிக்கொண்டு மரமாக நின்றுவிட்டார். கண்ணாடி அவர் கையைப் பிடித்து இழுத்தார். கையைக் கோத்துக்கொண்டே ஓடினார்கள்! "தாயே, காப்பாத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாருக்காக? அந்த இரண்டு வம்புக்காரர்களுக்காகத்தான். வேறென்ன செய்ய, இத்தனை நாள் கூழ் ஊற்றிய பாசம்.

பால் குழியில் நின்றபடி நெட்டை குழந்தை மாதிரி அழுதார். கண்ணாடி உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. ஃபிலிம் டப்பாவைத் திறந்து விபூதியை நெட்டையின் நெற்றியில் பூசிவிட்டு, மிச்சத்தைத் தானும் பூசிக்கொண்டார். "மருந்து இல்லை என்று ஊருக்கு எழுதிவிடுகிறேன்" என்றார் என்னிடம். நெட்டையும் தலையாட்டினார்.

1998 பிப்ரவரி 11
கம்பெனிக்கு இன்று புதிதாக ஒருவர் வந்தார், மூன்றாவது நாடு. பகோடா வேண்டாமாம். என் முன்னால் ஒரு படத்தை வைத்தார். நெருப்பின் மேல் கைகோத்து ஓடுகிறார்கள் நெட்டையும் கண்ணாடியும்.

"எதிரி நாடுகள் இரண்டும் ரகசியமாகச் சேர்ந்து ஏதோ மருந்து கண்டுபிடித்திருக்கின்றன. இவர்கள் என்ன குடித்தார்கள்?"

படத்தின் ஓரத்தில் மஞ்சள் வேட்டியோடு அண்ணன் நிற்கிறான். அவர் கட்டைவிரல் அவன் முகத்தின் மேலேயே ஊன்றியிருந்தது. அது யார் என்றுகூட அவர் கேட்கவில்லை.