நான்கு நிமிட மணி

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அப்பாவுடைய இருமலும் சுகமாகவே இருக்கிறது, நம் வீட்டை விட்டுப் போகிற உத்தேசம் அதற்கு இல்லை. அந்தத் தீவில் நீயும், நீ மணிக்கொரு தரம் போய்ப் பார்க்கிற காற்றளக்கும் கருவிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். முதலில் நாட்டின் பெரிய செய்தி. பதினொரு மாத ஆய்வுக்கும் இரண்டு நாள் விவாதத்துக்கும் பிறகு, வாக்கெடுப்பு மணி இனி ஐந்து நிமிடம் அல்ல, நான்கு நிமிடமே ஒலிக்கும் என்று எங்கள் மேலவை ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது. தீர்மானம் நிறைவேறியதும் உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவருக்குக் கண்புரை என்பது வேறு விஷயம். வருங்காலத் தலைமுறை இந்த நாளை மறக்காது என்றார் அவைத் தலைவர். ஒருவேளை அது மறந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் உனக்கு எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்கூட விடுமுறையில் என்னோடு வந்து நடைவழிக் கம்பளத்தில் படுத்துப் படம் போடுவாயே, அப்போது உன்னைத் தூக்கிவாரிப்போடுமே, அதே மணிதான். யாராவது எழுந்து வாக்குகளை எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்டால் கட்டிடம் முழுக்க அது அடிக்கும், சிற்றுண்டி அறையிலும் படிக்கிற அறையிலும் இருப்பவர்கள் அவைக்குள் வந்துவிட வேண்டும், மணி நின்றதும் உன் அம்மா கதவைப் பூட்டுவாள். உள்ளே இருப்பவர் நாட்டின் தலைவிதியை எழுதுவார், வெளியே இருப்பவர் நடைவழி பெஞ்சில் உட்காருவார். இருபத்துமூன்று வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது என் சாவி. அதைப் பற்றி உனக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன், இப்போது சொன்னால் குற்றமில்லை. யாராவது பத்துப் பதினைந்து அடி தூரத்தில் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தால் என் சாவி பூட்டில் கொஞ்சம் சிக்கிக்கொள்ளும். அவர் உள்ளே வந்ததும் சரியாகிவிடும். எண்ணெய் போடச் சொல்லிச் செயலகத்திலிருந்து இரண்டு முறை கடிதம் வந்தது, போட்டேன், மறுபடியும் சிக்கியது. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் சிக்கும், அந்த மட்டும் அதை நடுநிலைச் சாவி என்றே சொல்ல வேண்டும்.

மணியைக் குறைக்க வேண்டும் என்று முன்மொழிந்தவர் முழங்கால் ஐயா. உனக்கு ஞாபகம் இருக்கும், பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து அரசியலுக்கு வந்தவர், உனக்கு மிட்டாய் தருவார். இப்போது எழுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் இரண்டு கட்சி மாதிரி, ஒன்று போகிற பக்கம் மற்றது போகாது. காதில் வைத்திருக்கும் கருவி மணி அடிக்கும்போது விசில் அடிக்கிறதாம், அதுதான் காரணம். ஆனால் பேசும்போது நாட்டின் நேரத்தைப் பற்றிப் பேசினார். என்னிடமும் வந்து, "ஏம்மா, ஒரு நாளைக்கு மூணு தடவை மணி அடிச்சா மூணு நிமிஷம் மிச்சம், வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, சும்மா இல்ல" என்றார். மிச்சமாகிற நேரத்தில் என்ன செய்வீர்கள் ஐயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அதுக்கு ஒரு குழு போடணும்" என்றார். நான் அவைச் செயலரிடம் போய், படிக்கிற அறையிலிருந்து கதவு வரை நடக்க முழங்கால் ஐயாவுக்கு நாலரை நிமிஷம் ஆகிறது, பல வருஷமாகப் பார்க்கிறேன் என்று சொன்னேன். "குழு நேர்லயே நடந்து பாத்துச்சும்மா, ரெண்டு நிமிஷம் பத்து நொடிதான் ஆச்சு" என்றார். யார் நடந்தது என்று கேட்டேன். உதவிச் செயலராம். கல்லூரியில் ஓட்டப்பந்தயக் கோப்பை வாங்கியவர்.

இனி நீ கேட்ட விஷயம். மெதுவாகத்தான் வருகிறேன், மேலவையில் வேலை பார்ப்பவளுக்கு வேறு மாதிரி வரத் தெரியாது. வெளிநாட்டில் தொடர்ந்து பத்து வருஷம் இருந்துவிட்டவர்களுக்கு இங்கே குடியிருக்கும் உரிமை இல்லை என்கிற மசோதா கீழவையில் ஒரே மதியத்தில் நிறைவேறி எங்களிடம் வந்திருந்தது. கீழவை அவசரப்பட்டுச் செய்வதை நிதானமாகச் செய்வதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம். நீ புறப்பட்டுப் போய்ப் பத்து வருஷம் முடிவது வருகிற ஒன்பதாம் தேதி, அதற்குள் ஊர் வந்து இறங்கினால் அந்தக் கணக்கு அறுந்துவிடும். படிக்கப் போன வருஷங்களை அந்தப் பத்தில் சேர்க்கக் கூடாது என்று ஒரு திருத்தம் கொடுத்திருந்தார்கள், உனக்கு நான்கு வருஷம் கழியும். அந்தத் திருத்தத்தைக் கொடுத்தவரும் முழங்கால் ஐயாதான், அவருடைய பழைய டிப்போவில் ஒரு டிரைவரின் மகன் வெளியே படிக்கிறானாம். உன் பத்து வருஷக் கணக்கைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கதவுக்காரி தன் வீட்டு விஷயத்தை உறுப்பினர் காதில் போடக் கூடாது. ஆனால் எண்ணத் தெரியுமே. முப்பத்தொரு பேர் திருத்தத்துக்கு, முப்பது பேர் எதிர்ப்பு என்று விரல் விட்டு எண்ணித்தான், திருத்தம் நிறைவேறிவிடும், வேலையைப் பாதியில் விட்டு இந்தக் கப்பலில் வர வேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதினேன். நீ ஏறி வந்திருக்க வேண்டிய கப்பல்தான் ஏறாதே என்ற என் கடிதத்தையும் கொண்டுவந்தது.

அந்தப் புதன்கிழமை மற்ற நாட்களைப் போலவே தொடங்கியது. பதினோரு மணிக்குத் தடியால் இரண்டு தட்டு, அவைத் தலைவர் நுழைய எல்லோரும் எழுந்து நின்றார்கள். காலமான முன்னாள் உறுப்பினர் ஒருவருக்காக ஒரு நிமிடம் மௌனம், எங்கள் அவையில் அதற்கும் மற்ற நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் நிற்பதுதான். பிறகு அறிக்கைகளை மேசை மீது வைத்தார்கள், மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆண்டறிக்கைகள். மேசை அவற்றைப் பொறுமையாக வாங்கிக்கொண்டது, மதியம் நான் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கினேன். கேள்வி நேரத்தில் பதினாறு கேள்வி, பதினொன்றுக்குத் தகவல் திரட்டப்பட்டு வருகிறது என்று பதில். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த உயரத்து ஜன்னல் வழியாக வெயில் உள்ளே இறங்கியது. முதலில் ஆளும் வரிசையில் விழும், மெல்ல நகர்ந்து நான்கு மணிக்கு எதிர்வரிசைக்குப் போய்விடும், பகிரங்கமாகக் கட்சி மாறுவது எங்கள் அவையில் அது ஒன்றுதான். அந்த வெளிச்சத்தில் தூசி மிதக்கும், குறிப்பெடுப்பவர்களின் பென்சில் எங்கோ தொலைவில் பெய்கிற தூறல் மாதிரி கேட்கும், தூங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே மூச்சாக விடுவார்கள். அந்த நேரத்தில் கதவோரம் நிற்கிற எனக்கு உன் கடல் உள்ளே வந்துவிட்டது போல இருக்கும். தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும், பச்சை நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டுக் கிளம்பும், அவைத் தலைவர் மேசையோடு மிதந்துகொண்டே ஒழுங்கு ஒழுங்கு என்பார், அவைக் குறிப்பேடு விரிந்தபடி ஒரு பறவை மாதிரி போகும், நீ ஜன்னல் பக்கம் ஒரு சிறிய படகில் உட்கார்ந்து காற்றை அளந்துகொண்டிருப்பாய். நீ என்னைப் பார்த்ததில்லை. வேலையில் இருக்கும்போது நீ யாரையும் பார்ப்பதில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

முழங்கால் ஐயா தன் திருத்தத்தின் மேல் இருபது நிமிடம் பேசினார், நன்றாகவே பேசினார். தொண்டை காய்ந்துபோய்ப் படிக்கிற அறைக்குப் போனார், அடுத்துப் பேச எழுந்தவர் கமா ஐயா என்பதால் தைரியமாகவே போனார். கமா ஐயா முற்றுப்புள்ளியே வைக்காதவர், நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து உட்கார்ந்ததாக அவைக்குறிப்பில் இல்லை. அன்றைக்கு அவருக்குப் பல்வலி. ஆறு நிமிடத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்வரிசை டாக்டர் அம்மா, "இத்தனை வருஷத்துல இவர் வாயை மூட வச்சது ஒரு கடவாய்ப்பல்" என்றது எனக்குக் கேட்டது, அவைக்குறிப்பில் ஏறவில்லை. அவைத் தலைவர் குரல் வாக்கெடுப்பு எடுத்தார், ஆம் என்போர் ஆம் என்றார்கள், இல்லை என்போர் இல்லை என்றார்கள், தூங்கி விழித்த ஒருவர் இரண்டையும் சொன்னார். உடனே எண்ணிச் சொல்லும்படி ஒருவர் கேட்டார். மணி அடித்தது.

நான் கதவின் வட்டக் கண்ணாடி வழியே நடைவழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது எப்போதையும் விட நீளமாக இருந்தது, அந்தக் கோடியில் முழங்கால் ஐயா திரும்பி வருவது தெரிந்தது. அவசரமே இல்லாமல், கம்பளத்தில் முங்கி முங்கி, தண்ணீருக்குள் நடக்கிறவர் மாதிரி வந்தார். தனக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது என்ற நினைப்பு. அவர் கொண்டுவந்த தீர்மானம் அவருக்கே பழகியிருக்கவில்லை. மணி நின்றபோது கதவுக்கு அவர் பதினைந்து அடி தூரத்தில் இருந்தார். வேறு எந்த மசோதாவாக இருந்தாலும் சாவி சிக்கியிருக்கும். இது உன் விஷயம். மற்றவர்களுக்காகச் செய்ததை என் வீட்டுக்காகச் செய்தால் அதற்குப் பெயர் வேறு. சாவி ஒரே சுற்றில் திரும்பியது, அந்தப் பூட்டு அவ்வளவு வழுவழுப்பானது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "பூட்டிட்டீங்களாம்மா?" என்றார். பூட்டிவிட்டேன் ஐயா என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காதுக் கருவியைத் தட்டிப் பார்த்தார், "சரிதான், நாலு நிமிஷம் கரெக்டா இருக்கு" என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே முப்பது, முப்பது. சரிசமம் என்றால் திருத்தம் விழும், அது விதி. அதற்குப் பிறகு மசோதா பத்து நிமிடத்தில் நிறைவேறியது, வெயில் அப்போதுதான் எதிர்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா கூடத்துச் சுவரில் கடல் வரைபடத்தை மாட்டி, உன் தீவிலிருந்து வரும் கப்பல் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுத் தினமும் ஒரு குண்டூசியை நகர்த்துகிறார், அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "சாவி சிக்கலையா?" என்று ஒரே ஒரு கேள்வி. சிக்கவில்லை என்றேன். "ம்" என்று குண்டூசியைக் குத்திவிட்டு அடுப்பில் வெந்நீர் வைக்கப் போய்விட்டார், எனக்குத்தான் அந்த வெந்நீர், கால் வலிக்கும் என்று. வெள்ளிக்கிழமை கப்பல் இங்கே வந்தது, உன் பதிலும் வந்தது. "சரிம்மா, நீ எண்ணிச் சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் இங்கயே இருக்கேன்" என்று எழுதியிருந்தாய். அதை அப்பா இரண்டு தரம் உரக்கப் படித்தார், மூன்றாம் தரம் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தந்தி அடிக்கலாமே என்றார். தந்தி வந்துவிடும், நீ ஏறி வரக் கப்பல் வர வேண்டுமே.

முழங்கால் ஐயா வாக்கெடுப்புக்கு மறுநாளே எழுந்து, மணியைப் பழையபடி ஐந்து நிமிடமாக்க வேண்டும் என்று முன்மொழிந்தார், அதை ஏழு பேர் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள், பதினொரு மாதத்தில் அறிக்கை வரும். போகும்போது கதவருகில் நின்று, "உங்க பொண்ணு தூரத்துல எங்கயோ இருக்குன்னு சொன்னீங்களே, எப்பம்மா வருது?" என்று கேட்டார். கப்பல் வரும்போது வருவாள் ஐயா என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார், இத்துடன் வைத்திருக்கிறேன், உருகியிருந்தால் காகிதத்தோடு சேர்த்து வாயில் போட்டுக்கொள்ளாதே.

நீ கோபப்பட்டால் கோபப்படு, ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு. காற்று பலமாக இருக்கும்போது கருவியைப் பார்க்கத் தனியாக மேட்டில் ஏறாதே, காற்று எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அதற்குள் போய் நிற்க வேண்டியதில்லை. கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். அப்பா உன் அறை ஜன்னலுக்கு மறுபடியும் வர்ணம் அடித்திருக்கிறார், நீலம்தான், கொஞ்சம் அழுத்தமாகப் போய்விட்டது. எங்கே இருந்தாலும் உடம்பு நோகாமல், மனது நோகாமல், நல்ல தூக்கத்தோடு நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். பதில் எழுதும்போது தேதி போட மறக்காதே, நீ எப்போதும் மறக்கிறாய்.

என்றும் உன்,
அம்மா

பி.கு: சட்டம் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கப்பல் மூன்றாம் தேதி புறப்பட்டு இருபத்தொன்றாம் தேதி உன் தீவுக்கு வரும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். விருந்தினர் படிவம் ஒன்று உள்ளே இருக்கிறது, அழைப்பவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முப்பது நாள் வரை தங்கலாம்.