நானாவின் பையும் நாற்பது ரிலேயும்

திங்கள்
விடிய மழை. கப்பல்துறை பஸ் அரை மணி பிந்தியது.
புதிய சுவிட்ச் பெட்டி (இனி பு.பெ.) சொல் கேட்கிறது! மேல்மாடி மேசையிலிருந்து கட்டளை அனுப்பினால், கீழே பட்டறையில் அந்தக் கம்பிக்குரிய ரிலே, மின்னால் இயங்கும் சுவிட்ச், டக்கென்று விழுகிறது. கப்பல் கேபிளின் நாற்பது கம்பிகளுக்கும் ஒவ்வொன்றாக ஐந்நூறு வோல்ட் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பழைய பெட்டியில் கைப்பிடியைத் திருப்பித் திருப்பி ஒரு மணி நேரம். இப்போது நான்கு நிமிடம். நிரல் முழுதும் நான் எழுதியது. பெருமைதான்.
வாங்க: சவர்க்காரம், மகளுக்குப் பள்ளிக் கொப்பி 2.

செவ்வாய்
வெயில். பதினொன்றரைக்குச் சோதனையைத் தொடக்கினேன். கீழே கத்தல். நசீர் நானா, எங்கள் மின்வேலைக்காரர், ஏழாவது கம்பியைப் பிடித்திருந்தார். மின்சாரம் தூக்கி எறிந்துவிட்டது. முழங்கை உரசல். வேறொன்றுமில்லை, கடவுளே.
"பை தொங்குது தானே தங்கச்சி! உங்கட கொம்பியூட்டருக்குக் கண் இல்லையா?"
தொங்கியது. சாப்பாட்டுப் பை, பு.பெ. பக்கத்து ஆணியில். பு.பெ.யில் கைப்பிடி இல்லை. பழைய பெட்டியில், கேபிளில் கை வைக்கிறவர் தன் பையைக் கைப்பிடியில் மாட்டுவார். பை தொங்கினால் ஒருவரும் திருப்பமாட்டார்கள். பட்டறை வழக்கம். எனக்கும் தெரியும். நிரலில் எழுதவில்லை.


புதன்
முதலாளி: "பெட்டியில பை மாட்ட வேண்டாம் எண்டு ஒரு நோட்டீஸ் ஒட்டிவிடுங்கோ பிள்ளை."
ஒட்டமாட்டேன் என்றேன். பிழை பையில் இல்லை.
பு.பெ. அருகில் ஸ்பிரிங் வைத்த கொக்கி. பை மாட்டினால் கொக்கி இறங்கும். ஐந்நூறு வோல்ட் வரும் வழியே துண்டிக்கப்படும். நிரல் என்ன கட்டளை போட்டாலும் பலிக்காது. கொக்கி இறங்கியது என்று அதற்குத் தகவல் மட்டும் போகும்.
நானா சுற்றிச்சுற்றிப் பார்த்தார். கேபிளைத் தொடவில்லை.
"முதல்ல நீங்க தொடுங்க."

வியாழன்
புழுக்கம். காலையில் பை மாட்டி மீட்டர் வைத்தேன். சைபர். பின்னேரம் மறுபடி. பை தொங்குகிறது, மீட்டர் ஐந்நூறு!
நானா சாப்பிட்டுவிட்டார். வெறும் பைக்குப் பாரம் போதவில்லை.
"அப்ப நோன்பு மாசத்துல? பையே வராதே, தங்கச்சி."
நியாயம். ஸ்பிரிங்கை மாற்றினேன். வெறும் பைக்கு இறங்கியது. நானாவின் தொப்பிக்கும் இறங்கியது. பத்துத் தரம். மீட்டர் சைபர். தொப்பியை மாட்டியபடி, சோதனையை ஓடவிட்டு, நானே தொட்டேன். ஒன்றுமில்லை.
நானா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.
கொப்பி மறந்துவிட்டேன்.

வெள்ளி
காற்று. ஜும்மா தொழுகை முடிந்து நானா வந்தார். கொக்கியில் தொப்பி. கீழேயிருந்து குரல்:
"அடிங்க தங்கச்சி, ஏழாம் நம்பர்!"
கட்டளையை அடித்தேன். திரையில் நான் எழுதிவைத்த வரி: கொக்கியில் ஆள். ஏலாது.
எழுந்துபோய் மாடிப்படியில் நின்று பார்த்தேன். ஏழாவது கம்பி அவர் விரல்களுக்கிடையில். மற்றக் கையில் பிளேன்டிக் கோப்பை.