புதுசில் பழைய கேசட் ஓடுமா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை. நீ சுகமா என்று கேட்டால் அதற்காவது பதில் சொல்ல உன் ஆபீஸில் விடுவார்களா தெரியாது, விட்டால் ஒரு வரி போடு. ஆபீஸில் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு யாரும் போன் பண்ண வேண்டாம் என்று நீ அனுப்பிய சேதியைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன் பண்ணாதே என்றால் பண்ண மாட்டோம். கடிதம் எழுதாதே என்று நீ சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பேனா பிடித்துப் பல காலம் ஆகிறது, கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், படித்துவிட்டு உன்னை விசாரிக்கிறவர்களிடம் இதைக் காட்டு. அவர்களுக்கு நம் மொழி தெரியாதென்றால் தெரிந்த யாரையாவது வைத்துப் படிக்கச் சொல். உன் அப்பாவைத் திட்டியிருக்கிற இடங்களையும் விடாமல் படிக்கச் சொல்.

அவர்களுக்குப் புரியவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், சலித்துக்கொள்ளாதே. எங்களுடையது வீடியோ கேம் கடை. முன்னால் கண்ணாடி மேஜை, அதற்கு அந்தப்பக்கம் அப்பா, பின்னால் தட்டிக்கு மறைவில் ஒரு விளக்கு, அதற்குக் கீழே நான். கைப்பிடியில் தானாக நகர்கிற ஸ்டிக்கை மாற்றுவது, போன பேட்டரியை எடுப்பது, உடைந்த கண்ணாடியைப் பிரித்துப் போடுவது என் வேலை. பேசுவது அவர் வேலை. கையில் வைத்தும் ஆடலாம், டிவியில் மாட்டியும் ஆடலாம் என்று உங்கள் கம்பெனி ஒரு கேம் மிஷின் விற்கிறதே, அதற்கு அப்பா வைத்த பெயர் ரெண்டுங்கெட்டான். பெயர்தான் அப்படி, கடையில் பாதி அதனால்தான் ஓடுகிறது. அந்தக் கம்பெனியிலேயே, புது மிஷின் வெளியே வருமுன் அதைச் சோதித்துப் பார்க்கிற வேலை உனக்குக் கிடைத்தபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், என்னிடம் எதுவும் கேட்காதீர்கள் என்று முதல் நாளே நீ சொன்னாய். நாங்களும் கேட்டதில்லை. வாயால் கேட்டதில்லை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஏனென்றால் உன் போன் வந்து முடிந்ததும் கடையில் ஒரு சபை கூடும். அப்பா ஒருவர். டெலிவரி வண்டியைக் கடைக்கு முன்னால் குறுக்கே நிறுத்திவிட்டு ஸ்டூலைப் பிடிக்கிற என் தம்பி, உன் மாமா, ஒருவர். மாடியில் கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டர் ஒருவர், அவருக்கு ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் இறங்கிவந்து ஒரு ஆட்டம் போட்டால்தான் கை நிதானமாக இருக்குமாம். புதுசுக்குத் திரை பெரிசா, சூடு தாங்குமா, பழைய கேம் கேசட் அதில் ஓடுமா என்று மூன்று பேரும் அலசுவார்கள். ஊரில் எல்லாக் கடையிலும் இந்தப் பேச்சுதான். மற்ற கடைக்காரர்கள் வதந்தியை வைத்துப் பேசினார்கள், இவர்கள் உன்னை வைத்துப் பேசினார்கள். வீடியோ காலில் உன் கட்டைவிரலில் பிளாஸ்டர் இருந்ததே, நீ வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கொண்டேன் என்றுதான் சொன்னாய். மாமா நம்பவில்லை. பிள்ளை என்றைக்கு வெங்காயம் நறுக்கினாள், மிஷின் ஓரத்துக் கைப்பிடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி விரல் போயிருக்கிறது, அப்படியென்றால் புதுசில் அதை மாற்றுகிறார்கள் என்று முடிச்சுப் போட்டார். நீ இருமினால் ஆபீஸில் ஏசி அதிகம், ஏசி அதிகமென்றால் மிஷின் சூடாகிறது. இப்படியே போகும். நான் தட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன், சிரிப்பாகக்கூட இருக்கும். வெட்டிப் பேச்சு, யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் நீ உன் அலமாரியைப் பற்றிச் சொன்னாய். உன் அறைக்கு வெள்ளையடிக்கப் போகிறோம் என்றதும், அலமாரியில் இருக்கிற என் பழைய கேசட்டை எல்லாம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றாய். சின்ன வயதில் நீ விளையாடியது, உனக்கு அதன்மேல் ஆசை, வேறென்ன. எனக்கு அப்படித்தான் பட்டது. போனை வைத்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். பிள்ளை வாயைத் திறந்து சொல்ல முடியாது, அதனால் சூசகமாகச் சொல்கிறாள், பழைய கேசட் எல்லாம் புதுசில் ஓடப்போகிறது என்றார். மாமா ஆமாம் போட்டார். மறுநாளிலிருந்து எந்தக் கடையில் பழைய கேசட் கழித்துப் போடுகிறார்களோ அங்கெல்லாம் மாமாவின் வண்டி போய் நின்றது. நான் சொன்னேன், அவள் சொன்னதற்குச் சொன்னதுதான் அர்த்தம், இருக்கிற சரக்கு போதும் என்று சொன்னேன். அப்பா காதில் வாங்கவில்லை. இப்போது கடை அலமாரி நிறைந்து, மாடிப்படி நிறைந்து, உன் அறையிலும் சுவரை ஒட்டி அட்டைப்பெட்டிகள் நிற்கின்றன. வெள்ளையடிக்கிறவர் பார்த்துவிட்டு, எந்தச் சுவருக்கு அடிக்கவேண்டும் என்று கேட்டார்.

இத்தோடு நின்றிருந்தாலும் நம் வீட்டோடு போயிருக்கும். வருஷக் கடைசியில் கையிலிருக்கிற வேலை முடிந்துவிடும், நீண்ட லீவில் வருகிறேன் என்று நீ சொன்னாய் பார், அதைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. ஆனால் சபையில் அதை, வருஷக் கடைசியில் புதுசு வெளிவருகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். பல் டாக்டர் கேம் பற்றி வீடியோ போடுகிறவர் என்பது உனக்குத் தெரியும். நம் கண்ணாடி மேஜைக்கு முன்னாலேயே நின்று, கைப்பிடி மாறுகிறது, பழைய கேசட் ஓடும், வருஷக் கடைசியில் வருகிறது, உள்ளே வேலை பார்க்கிறவர் வீட்டிலிருந்தே வந்த தகவல் என்று பேசிப் போட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் உன் படம். கழுத்தில் கம்பெனி அட்டையோடு முதல் நாள் எடுத்தது, அப்பா சட்டம் போட்டு மாட்டினாரே, அதுதான். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை, அப்பாவும் கவனிக்கவில்லை. பார்த்தவர்கள் கவனித்துவிட்டார்கள்.

உன் சேதி வந்ததும் நான் நேரே மாடிக்கு ஏறினேன். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். நான் பேசி முடிக்கிறவரை அந்த மனிதர் வாயை மூடவும் இல்லை, டாக்டர் கையை எடுக்கவும் இல்லை. என் மகள் சொன்னாள் என்று எப்படிச் சொன்னீர்கள், அவள் எப்போது சொன்னாள், எந்த வார்த்தை சொன்னாள், சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டேன். பாவம், அங்கேயே போனை எடுத்து அந்த வீடியோவை நீக்கிவிட்டார். அது யாருடைய தகவலும் இல்லை, எங்கள் கற்பனை என்று இன்னொன்று பேசிப் போட்டார். நல்ல மனிதர்தான், கெடுக்கவேண்டும் என்று செய்யவில்லை. உன் படத்தை அப்பாவே கழற்றிவிட்டார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது, அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை.

உன்னை விசாரிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். இந்தப் பெண் எங்களிடம் சொன்னது விரல் வெட்டியதும், அலமாரியைத் தொடாதே என்பதும், வீட்டுக்கு வருகிறேன் என்பதும்தான். மீதி எல்லாம் நாங்கள் சேர்த்தது. எங்கள் கணிப்பு சரியா தப்பா என்று நீ எனக்குச் சொல்லவே வேண்டாம். சரியாக இருந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பயம். தப்பாகப் போனால், யாரோ கடைக்காரன் உளறினான் என்று உன் ஆபீஸில் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். சரியாகப் போனால் உன்மேல்தான் கை நீளும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் தப்பாகப் போனால் அத்தனை பெட்டியும் குப்பை என்று அவருக்குத் தெரியும். எழுந்து மாடிப்படியில், பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிடப் போனபோது ஒரு கேசட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பழசு எதுவும் அதுல ஓடக்கூடாது. ஒண்ணுகூட ஓடக்கூடாது" என்றார். கண் கலங்கியிருந்தது. உன் அப்பா மேல் எனக்கு இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது, மீதிப் பாதியை நீ வந்து தீர்த்துவை.

இப்போது கடையில் சபை இல்லை. யாராவது புதுசு எப்போது என்று கேட்டால், கம்பெனியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அப்பா மேஜையைத் துடைக்கிறார், துடைத்த மேஜையையே மறுபடி துடைக்கிறார். மாமா வண்டியை ஒழுங்காக ஓரமாக நிறுத்துகிறார். அவருக்கு முட்டிவலி, டாக்டரிடம் போ என்றால் மாடி டாக்டரைக் காட்டுகிறார். குளிர்சாதனப் பெட்டி சத்தம் போடுகிறது, பார்க்கவேண்டும். நீ வேளைக்குச் சாப்பிடு. விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், அழுகை வந்தால் அழு, எங்களைக் காப்பாற்றுவதற்காக எதையும் உன்மேல் போட்டுக்கொள்ளாதே. வேலை போனாலும் போகட்டும், தட்டிக்குப் பின்னால் இன்னொரு விளக்குப் போட இடம் இருக்கிறது. போகாது, உண்மை உன் பக்கம் இருக்கிறது.

எந்தக் குறையும் இல்லாமல் நிமிர்ந்து நட, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. லீவு எப்போது, எந்த நாள் வருகிறாய் என்று இனி எங்களிடம் சொல்லாதே. அதையும் யாராவது எதற்காவது எடுத்துக்கொள்வார்கள். உன் அறையில் பெட்டிகளை நகர்த்திக் கட்டில்வரை வழி விட்டிருக்கிறேன், விரிப்பு மாற்றியாயிற்று, அலமாரியை யாரும் தொடவில்லை. சொல்லாமல் வந்து கதவைத் தட்டு, யாரென்று கேட்காமல் திறப்பேன்.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாத உன் அம்மா