வில்லன் முதலாளிக்கு உன் அப்பா கொடுத்த குரல்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, படி ஏறும்போது முழங்கால் மட்டும் நானும் இருக்கிறேன் என்று சொல்லும், மற்றபடி சுகம்தான். உனக்கு இருமல் விட்டதா, அந்தக் குளிரில் காலுக்கு உறை போட்டுக்கொண்டு படுக்கிறாயா, அது தெரிந்தால்தான் நான் சுகம் என்று எழுதியது உண்மையாகும். ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நான் அழுவேன், நான் அழுதால் நீ அழுவாய், விஷயம் போய்ச் சேராது. நான் படித்தது ஐந்தாவது, கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல்தான் இருக்கும், பொறுத்துப் படி. நான் வேலை பார்க்கிற சலவைக் கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது, துணி மடிக்கிற மேஜையில் வைத்து எழுதுகிறேன். கடை முதலாளி எட்டிப் பார்த்து, என்னம்மா கதை எழுதறீங்களா என்றார். ஆமா சார், உங்களைப் பத்தித்தான் என்றேன். மனிதர் அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரி பண்ணியாகிவிட்டது. உன் சித்தி இன்னும் என்னோடுதான் இருக்கிறாள், துணைக்கு வந்தேன் என்கிறாள், ஆனால் டீ போடுவது நான், அவள் துணி துவைப்பதும் நான், யாருக்கு யார் துணை என்று தெரியவில்லை. ஆனாலும் அவள் குறட்டை கேட்டால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று ஒரு தைரியம். அதுவே பெரிசு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. ஏழு மாதமாக நீ ஒரே கேள்வியைக் கேட்கிறாய், கடைசியா அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராம்மா என்று. நானும் ஒன்றும் சொல்லவில்லை, அசந்து தூங்கினார், அப்படியே போய்விட்டார் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். என் காதால் நான் ஒன்று கேட்டேன், அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருந்தேன். இப்போது சொல்லலாம், அதனால்தான் இந்தக் கடிதம். பயப்படாமல் முழுக்கப் படி, நடுவில் மூடி வைத்துவிடாதே.

அப்பாவின் வழக்கம் உனக்குத் தெரியும். ஒலிப்பதிவுக் கூடத்தில் சினிமாவுக்கு என்ன குரல் கொடுத்தாலும் சரி, கழுதையோ போலீஸ்காரரோ கூட்டத்தில் கத்துகிற நாலு பேரில் ஒருத்தரோ, எல்லாவற்றையும் வீட்டில் பேசிக் காட்டுவார், கெட்டவன் பேச்சை மட்டும் பேச மாட்டார். கெட்ட வார்த்தை வீட்டுச் சுவர்ல ஒட்டிக்கும், பிள்ளை காதுல விழும் என்பார். கெட்டவன் வசனம் வந்தால் நாலு மாடி இறங்கிப் போய் வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்று பழகுவார். ஒரு தடவை காவல்காரர் தடியோடு ஓடி வந்துவிட்டாரே, யாரை சார் கொல்லப் போறீங்க என்று. நீ வளர்ந்து பெரியவளான பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. அதனால் வீட்டுக்குள் அவர் பேசினால் அது அவர் பேச்சு என்றுதான் எனக்கு எண்ணம். முப்பது வருசப் பழக்கம்.

அவர் போவதற்கு நாலு நாள் முன்னால், உடம்புக்கு முடியாமல் வீட்டோடு கிடந்தாரே அப்போது, துண்டு எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனேன். கதவு சாத்தியிருந்தது, குழாய் திறந்திருந்தது, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல். அவ போனது போனதுதான், திரும்பி வந்தா கதவைத் திறக்காதே, எனக்கு மகளே இல்லை. இதே வார்த்தை. போனில் யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்தேன். துண்டைக் கதவில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். நீ வேலைக்கென்று அவ்வளவு தூரம் கிளம்பின அன்று அவர் வாசலுக்குக்கூட வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதற்கப்புறம் நீ போன் பண்ணினாலும் அம்மாகிட்ட பேசு என்று தள்ளிவிட்டாரே, எல்லாம் சேர்ந்து அப்படித்தான் தோன்றியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சோற்றைத் தட்டில் போட்டு வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், பேசவில்லை. என்ன கோபம் என்றார். ஒண்ணுமில்லை என்றேன். மறுநாள் கூடத்திலிருந்து ஒலிப்பதிவு பண்ணுகிற தம்பி கார் எடுத்துக்கொண்டு வந்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்து நாலு மாடியும் இறக்கிக் கூட்டிப்போனார், கடைசியா ஒரு வசனம் பாக்கி என்று. அப்போதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு மூன்றாம் நாள் காலையில் அவர் இல்லை. அழுதேன், ஆனால் முழு மனதாக அழ முடியவில்லையம்மா. அழும்போதே, பெற்ற பிள்ளையை இல்லை என்று சொன்ன மனுசன்தானே என்று உள்ளே ஒன்று நின்றுகொண்டே இருந்தது.

போன வாரம் அந்தத் தம்பி இரண்டு டிக்கெட்டோடு வந்தார். சாரோட படம் வந்துடுச்சு, நீங்க கண்டிப்பா பார்க்கணும் என்றார். குழந்தைகள் பார்க்கிற பொம்மைப் படம். எனக்குப் போக மனசில்லை, சித்திதான் இழுத்துக்கொண்டு போனாள். தியேட்டர் முழுக்கப் பொடிசுகள், அவள் என்னைவிடச் சந்தோஷமாக முன்வரிசையில் இடம் பிடித்தாள்.

படத்தில் ஒரு முதலாளி. பெரிய வலை போட்டு வானத்து மேகத்தையெல்லாம் பிடித்து இரும்புக் கொட்டகையில் பூட்டி வைத்து, மழை வேண்டுமென்றால் என்னிடம் வாங்கு என்கிறவன். தாடை மேஜை இழுப்பறை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சிரித்தால் முகம் அசையாது, இடுப்பில் சாவிக்கொத்துதான் குலுங்கும். தூங்குகிறவன் விரலைப் பிடித்துக் கைநாட்டு வாங்கி அவன் வயலை எழுதிக்கொள்வான். ஈவு இரக்கம் மருந்துக்கும் கிடையாது. வாய் திறந்தான், உன் அப்பா குரல். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரலில் இவ்வளவு விஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, இத்தனை வருசம் குடித்தனம் பண்ணியும்.

அந்த முதலாளிக்கு ஒரே மகள். அப்பன் செய்கிறது பொறுக்காமல் ஒரு நொண்டி வாத்தையும் கூட்டிக்கொண்டு காற்றாடியில் ஏறி, மேகத்தைத் திறந்துவிடப் பறந்துபோகிறாள். வேலைக்காரன் ஓடிவந்து சொல்கிறான். முதலாளி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். அவ போனது போனதுதான், திரும்பி வந்தா கதவைத் திறக்காதே, எனக்கு மகளே இல்லை.

ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. குளியலறையில் கேட்டது அதே வசனம். நாலு மாடி இறங்க உடம்பில் தெம்பில்லாமல், சுவரில் ஒட்டாமல் இருக்கட்டும் என்று குழாயைத் திறந்துவைத்துப் பழகியிருக்கிறார் பாவி மனுசன். அதற்கப்புறம் நான் படம் பார்க்கவில்லை, அழுதேன். கடைசியில் கொட்டகை வெடித்து மழை கொட்டி அந்த முதலாளி வெள்ளத்தில் மிதந்துபோகிறான், அப்போதும் திருந்தவில்லை, பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள், நான் மட்டும் தேம்பித் தேம்பி அழுகிறேன். பக்கத்துச் சீட்டில் ஒரு சின்னப் பெண் என் முழங்கையைத் தொட்டு, ஆன்ட்டி அவன் கெட்டவன், அவனுக்குப் போய் அழாதீங்க என்றாள். சரிடா தங்கம் என்றேன். சித்தி அவளிடம், அவர் எங்க மாமாதான் என்று சொல்ல, அந்தப் பிள்ளை பயந்துபோய்த் தன் அம்மா மடியில் ஏறிக்கொண்டது.

வெளியே அந்தத் தம்பி காத்திருந்தார். அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த ஒரு வசனத்தைத்தான் அப்பாவால் பேச முடியவில்லையாம். பதினோரு தடவை பேசியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் குரல் இளகிப் போயிருக்கிறது. சார், நீங்க பொண்ணைத் துரத்தறீங்களா, கூப்பிடறீங்களா என்று தம்பி கேட்டாராம். அப்பா சிரித்துவிட்டு, வீட்ல போய்ப் பழகிட்டு வரேன்பா என்றாராம். அப்புறம் நாற்காலியில் தூக்கிப் போன அன்று ஒரே தடவையில் பேசி முடித்துவிட்டு, டீ வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னாராம், இந்தப் படத்தை என் பொண்ணு எங்க இருந்தாலும் பார்ப்பா, பார்த்துட்டு போன் பண்ணித் திட்டுவா, திட்டட்டும், நானா போன் பண்ண வெட்கமா இருக்கு, அவளா பண்ணினா விடமாட்டேன், பிடிச்சுப்பேன் என்று.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஏழு மாதத்தில் முதல் தடவை சோற்றில் ருசி தெரிந்தது. என்ன கோபம் என்று அவர் கேட்டதற்கு ஒண்ணுமில்லை என்று சொன்னது மட்டும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது, அது இருக்கட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மேல் அவருக்கு ஒன்றும் இல்லையம்மா. உன் தலைமேல் ஆணையாகச் சொல்கிறேன்.

நீ நூறு வயசு நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எடுத்த காரியம் எல்லாம் கைகூட வேண்டும். சித்தியும் ஆசீர்வாதம் சொல்கிறாள். மறக்காமல் ஒன்று செய். அங்கே அந்தப் படம் வந்தால் போய்ப் பார், அந்த வசனம் வரும்போது காதை மூடாதே. பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணித் திட்டு. அவருக்குப் போக வேண்டியது, ஏழு மாதம் உன்னிடம் மறைத்ததற்கு எனக்கு வர வேண்டியது, இரண்டையும் சேர்த்தே திட்டு. நான் போனை வைக்கமாட்டேன், பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் திட்டுக்காகக் காத்திருக்கும்
அம்மா