முப்பதா நாற்பதா

786
பழவேற்காடு
2-5-1955

கிரேஸ் அவர்களுக்கு,

ஐயா என்று எழுதுவதா, அம்மா என்று எழுதுவதா தெரியவில்லை. உங்கள் மோட்டார் உதிரிபாகக் கடையிலிருந்து வரும் கடிதங்களின் அடியில் ‘கிரேஸ்’ என்று மட்டும் இருக்கிறது. தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

போன வாரம் நூர் முகம்மது என்ற பெயரில் உங்களுக்கு ஓர் ஆர்டர் வந்திருக்கும். செவர்லே பிக்கப்புக்கு ஆறு பிஸ்டன், முப்பது அளவு. அதை எழுதியது நான். அவர் என் வாப்பா. அவர் தமிழை அரபு எழுத்தில்தான் எழுதுவார், படிப்பார். உங்கள் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் என் வேலை. நாலாவது பாரம் முடித்திருக்கிறேன்.

அந்த முப்பது தப்பு. தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள்.

வாப்பா கும்மிடிப்பூண்டியில் வாங்கிய பழைய வண்டி எங்கள் முற்றத்தில் செங்கல்மேல் நிற்கிறது. என்ஜினை மட்டும் சென்னைக்கு எடுத்துப்போய்ப் பிஸ்டன் ஓடும் துளைகளைக் கடைந்துகொண்டு வந்தார். “அளவு பார்த்து எழுதும்மா” என்றார். எங்கள் வீட்டில் வளையல் வேண்டுமென்றால் பழைய வளையலைத்தான் சென்னைக்குக் கொடுத்தனுப்புவோம். நானும் அப்படியே பழைய பிஸ்டனைத் துடைத்துப் பார்த்தேன். தலையில் 30 என்று வெட்டியிருந்தது. எழுதிவிட்டேன்.

நேற்று யாரும் இல்லாதபோது அந்தப் பிஸ்டனைத் துளையில் விட்டுப் பார்த்தேன். கிணற்றில் வாளி ஆடுவதுபோல ஆடியது. கடைவது என்றால் வழவழப்பாக்குவது என்று நினைத்திருந்தேன். துளை பெரிதாகும் என்று யாரும் சொல்லவில்லையே!

ஜூன் 13 பள்ளி திறக்கிறது. “இனிமே பொன்னேரி பஸ்ஸுல உன்ன அனுப்ப மாட்டேன். நம்ம வண்டி ஓடட்டும், நானே கொண்டாந்து உடறேன்” என்று வாப்பா சொல்லிவிட்டார். வண்டி ஓடாவிட்டால் பள்ளி இல்லை. என் எழுத்தால் கெட்டது என்று தெரிந்தால் வண்டி ஓடினாலும் பள்ளி இல்லை. “எம் பொண்ணு எழுதினா தப்பு வராது” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

பதிலை வாப்பா பெயருக்கே போடுங்கள். முதல் நாலு வரி கடைக் கடிதமாக இருக்கட்டும். மற்றதை நான் சத்தமாகப் படிக்க மாட்டேன்.

உம்மா நோன்புக்குச் சமைக்க எழும் நேரமாகிவிட்டது. விளக்கை அணைக்க வேண்டும்.

இப்படிக்கு,
நூ. ஹாஜிரா

---

சென்னை
6-5-1955

ஜனாப் நூர் முகம்மது அவர்களுக்கு,

தங்கள் ஆர்டர் கிடைத்தது. ஆறு பிஸ்டன்களும் அனுப்ப இன்னும் பத்து நாள் ஆகும். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ஹாஜிரா, இனி உனக்கு.

நான் அம்மா இல்லை, ஐயாவும் இல்லை. அக்கா என்று சொல், இருபத்திரண்டு வயதுதான். பார்சலை நிறுத்திவிட்டேன், ரயிலுக்குப் போக இருந்தது.

நானும் டைப் அடிக்கிறவள்தானே, பிஸ்டனைப் பற்றி எனக்கென்ன தெரியும்? கவுண்டரில் நிற்கும் ஆதிகேசவனிடம் கேட்டேன். “இன்னா கிரேஸு, மோட்டார்ல எறங்கிட்டியா? அப்போ என் வேலைக்கு வெனையா?” என்றார். ஆனாலும் பிஸ்டன்களை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினார். உன் வண்டிக்கு நாற்பது அளவும் உண்டு, அறுபதும் உண்டு. எண் கூடக்கூடப் பிஸ்டன் பெரிதாம். இரும்பிலும் உண்டு, அலுமினியத்திலும் உண்டு. அலுமினியத்தைக் கையில் எடுத்தால் பாதி கனம்கூட இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் சூட்டில் அது அதிகமாக விரியுமாம். இரும்புக்கென்று நெருக்கமாகக் கடைந்த துளையில் போட்டால் சிக்கிக்கொள்ளுமாம்.

வளர்ந்த கைக்குப் பழைய வளையலை அளவு கொடுத்துவிட்டாய், அவ்வளவுதான். இப்போது கை அளவு தெரிய வேண்டும். கடைந்த பட்டறையில் சீட்டு தந்திருப்பார்கள். எண்ணும் உலோகமும் அதில் இருக்கும். அது யாரிடம் இருக்கிறது?

அன்புடன்,
கிரேஸ்

---

786
பழவேற்காடு
10-5-1955

அன்புள்ள கிரேஸ் அக்காவுக்கு,

சீட்டு வாப்பாவின் இடுப்பு பெல்ட்டுப் பையில் இருக்கிறது. தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை. கேட்டால் ஏன் என்பார். ஏன் என்றால் நான் சொல்லியாக வேண்டும்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. நாலு வரி படித்து மடித்தேன்.

“அவ்ளோதானா?”

“அவ்வளவுதான் வாப்பா.”

கையை நீட்டி வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதையும் பெல்ட்டுப் பையில் வைத்துக்கொண்டு, “வியாழக்கெழம மெட்ராஸ் போறேன். பத்து நாளு இன்னாத்துக்கு? நேர்ல கேட்டுக்கறேன்” என்றார்.

அக்கா, கடிதம் அவரோடு வருகிறது. எதுவும் தெரியாதவர்போல இருந்துவிடுங்கள். சீட்டை மட்டும் வாங்கிப் பார்த்துச் சரியானதைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

பயத்திலும் ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. விரியும் என்று தெரிந்தும் அலுமினியத்தில் ஏன் செய்கிறார்கள்?

ஹாஜிரா

---

சென்னை
12-5-1955

அன்புள்ள ஹாஜிரா,

உன் கடிதம் இன்று பிற்பகல் வந்தது. உன் வாப்பா காலையிலேயே வந்துவிட்டார்.

“கிரேஸு யாரு?” என்றார். நான்தான் என்றேன். எனக்குப் பின்னால் இன்னொருவர் இருப்பார் என்று எட்டிப் பார்த்தார். பிறகு என் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்தார்.

“ரெண்டு பக்கம் எழுதிக்கிது. எம் பொண்ணு மூச்சு உடறதுக்குள்ள முடிச்சுட்டா. மிச்சத்த நீ படிம்மா.”

நானும் எதையாவது சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண் என் முகத்தில் இல்லை, எழுத்தின்மேல் இருந்தது. என் விரல் எந்த வரியில் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதும் படித்துவிட்டேன், ஹாஜிரா.

பிறகு, “முப்பது வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?” என்றார்.

“பொகதான் பாய்,” என்றார் ஆதிகேசவன். “உங்க ஊர்ல ஒரு கொசு இருக்காது.”

உன் வாப்பா சிரிக்கவில்லை. சீட்டை எடுத்துக் கொடுத்தார். நாற்பது, இரும்பு. ஆறையும் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டார்.

போகும்போது, “எந்த ஊரும்மா?” என்றார்.

“திருவள்ளூர்.”

“யாரு கொண்டாந்து உடறாங்க?”

“யாருமில்ல. ரயில்லதான் வரேன்.”

“தெனமுமா?”

“ஞாயித்துக்கெழம லீவு.”

வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

நீ மறைக்கச் சொன்னதை நான் சொல்லிவிட்டேன். கோபம் இருக்கும். எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன். அலுமினியம் கனமில்லாததால் என்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றுமாம். அதற்காகத்தானாம்.

கிரேஸ்

---

786
பொன்னேரி
13-6-1955

அன்புள்ள கிரேஸ் அக்காவுக்கு,

ஒரு மாதம் எழுதவில்லை. கோபம்தான். உங்கள் மேல் பத்து நாள். பிறகு யார்மேல் என்று தெரியவில்லை.

சென்னையிலிருந்து வந்த அன்று நோன்பு திறந்ததும் வாப்பா உங்கள் முதல் கடிதத்தை என் முன்னால் வைத்து, “இப்போ முழுசா படி” என்றார். அழுதுகொண்டே படித்தேன். முடிந்ததும் சொன்னார்: “தப்பா எழுதினது போவட்டும். உட்டுட்டுப் படிச்சியே, அதுக்கு நான் இன்னா பண்றது? எனுக்குப் படிச்சு சொல்ல வேற ஆளு யாரு?”

அடிக்கவில்லை. ஆனால் அதன்பின் வந்த கடிதங்களை எல்லாம் தபாலாபீஸ் இராமலிங்கத்திடம் எடுத்துப்போய்ப் படிக்கச் சொன்னார். என் கண் எதிரிலேயே பிரிக்காமல் எடுத்துப் போவார். அடித்திருக்கலாம் என்று தோன்றும்.

பிஸ்டன்கள் ஆறும் கச்சிதமாக இறங்கின. எண்ணெய் தடவி, கையால் அமுக்கினால்தான் போகிறது. என்னைத்தான் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதற்கும் பேச்சில்லை. ஆனால் என்ஜினின் மேல்மூடியில் விரிசல் இருப்பது பிறகுதான் தெரிந்தது. வண்டி இன்னும் செங்கல்மேல்தான் நிற்கிறது.

பள்ளி முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நேற்று இரவு, “பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்றார். உம்மா அவரைப் பார்த்தாள். “திருவள்ளூர்லேந்து ஒரு பொண்ணு தெனமும் மெட்ராஸ் போவுது” என்றார், சுவரைப் பார்த்து.

இன்று அவரும் கூடவே வந்தார். நாளையிலிருந்து தனியாகத்தான் போக வேண்டுமாம். பாதி வழியில் பெல்ட்டிலிருந்து ஒரு கவரை எடுத்தார். மேல்மூடியைப் பற்றி உங்கள் கடையிலிருந்து வந்தது. பிரிக்கவில்லை.

“படி.”

கடையின் பெயரிலிருந்து தொடங்கினேன். தெரு, டெலிபோன் எண், தேதி, எல்லாம். பஸ் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர், “இன்னா பாப்பா, ரேடியோ நியூஸா?” என்றார். வாப்பா என் விரலைப் பார்த்துக்கொண்டே வந்தார். உங்கள் பெயர் வரை படித்தேன். தலையை ஆட்டிவிட்டுக் கடிதத்தை என் புத்தகப் பையில் வைத்தார்.

பழைய மூடியின் விரிசலை ஒட்டவைக்க முடியுமா, புதியதுதான் வாங்க வேண்டுமா? ஒட்டினால் சூட்டில் திரும்பப் பிளக்காதா? ஆதிகேசவன் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள்.

உங்கள்
ஹாஜிரா