அக்காவின் முந்திரி சீஸ்

மார்ச் 3, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு சீஸ் துண்டை நக்கினேன். தின்னவில்லை. நக்கினேன். பசும்பால் சீஸ் எனக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம்தான் ஆகிறது. கால் மணி நேரத்தில் மேலுதடு பலூனாகிவிட்டது. வெளியே வந்தால் மனைவி நிற்கிறாள்.

"நான் ஒண்ணும் சாப்பிடலை."

"சரி, அதையே உங்க உதட்டையும் சொல்லச் சொல்லுங்க."

மார்ச் 5

கடைக்காரர் தேங்காய் எண்ணெயில் செய்த சீஸை நீட்டினார். "அப்படியே சீஸ் மாதிரியே இருக்கும் சார்." மாதிரி! ஒருத்தரை 'மனுஷர் மாதிரியே இருப்பார்' என்று அறிமுகம் செய்தால் வீட்டுக்குள் விடுவோமா? ரொட்டியின் மேல் வைத்துச் சுட்டேன். ரொட்டி கருகிவிட்டது. சீஸ் மழைக்கோட்டு போட்ட ஆள்போல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. உருகாத ஒன்றை எப்படி நம்புவது?

மார்ச் 8

சோயா சீஸ். பள்ளிக்கூடத்தில் அழிரப்பர் தின்றிருக்கிறேன். அது தேவலாம்.

மார்ச் 9

பாதாம் சீஸ். மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, "சுவத்து ஓட்டையை அடைக்கவா வாங்கினீங்க?" என்றாள். ஆட்டுப்பால் சீஸ் ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஆடும் மாடும் சொந்தக்காரங்க சார். வேண்டாம்." எனக்கென்று வாய்க்கிற சொந்தம் எல்லாம் இப்படித்தான்.

மார்ச் 13

இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்கா டப்பாவோடு வந்தாள். முந்திரியை ஊறவைத்து, அரைத்து, எலுமிச்சை பிழிந்து, புளிக்கவிட்டுச் செய்தாளாம். சுட்டேன். உருகியது! இழுத்தால் நூல்நூலாக வந்தது. நான்கு ரொட்டி போன இடம் தெரியவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. முந்திரிக்கு நூல் வருமா? இவள் யார்? 'அலர்ஜியாவது கிலர்ஜியாவது, எல்லாம் மனசுதான்டா' என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். சின்ன வயதில் கசப்பு மாத்திரையை ஜாமுக்குள் ஒளித்து எனக்கு ஊட்டியவள்.

ஒரு மணி நேரம் கழித்து உதடு அரித்தது. வீங்கவில்லை. அரித்தது. அல்லது அரிப்பதாக நினைத்தேனோ?

மார்ச் 14

போனில் கேட்டேவிட்டேன்.

"அக்கா, அதுல நிஜ சீஸ் ஏதாவது கலந்தியா?"

"உன்னைத் தூக்கி வளர்த்தவ உனக்கு விஷம் வைப்பேனாடா?"

போனை வைத்துவிட்டாள். ஏழு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்பா அம்மா போனபிறகு, கூடப்பிறந்த சொந்தம் என்று எனக்கு மிச்சமிருப்பது இவள் ஒருத்திதான். சண்டை போடவும் வேறு ஆள் கிடையாது.

'கலக்கலை' என்று மட்டும் அவள் சொல்லவில்லை. கவனித்தேன். கவனித்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்ச் 17

தண்ணீர் மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்ப்பது என் தொழில். அளந்த தண்ணீரை உள்ளே விட்டு, முள் என்ன காட்டுகிறது என்று பார்ப்பேன். அக்காவையும் அப்படிச் சோதித்தால் என்ன?

பக்கத்து மேஜைக்காரனை ஸ்பானர் என்று கூப்பிடுவோம். அவனுக்கும் பால் ஆகாது. பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்பான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கறுப்பு டீதான். அக்காவின் சீஸ் வைத்த ரொட்டியை அவனிடம் நீட்டினேன்.

"முந்திரிதான்டா. பாலே இல்லை."

பாவி நான். அவன் இரண்டு துண்டு தின்றான். அலர்ஜி மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துவைத்துக்கொண்டு, ஒரு மீட்டரைக்கூடத் தொடாமல் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே, என் கழுத்துல என்ன?"

"சட்டை நல்லா இருக்குடா."

மூன்று மணி. ஸ்பானர் நலம்.

மார்ச் 20

நான்கு நாளாகக் கொடுக்கிறேன். ஒரு தும்மல்கூட இல்லை. இன்று அவனாகவே வந்து கேட்டான். ஆக, அரித்தது என் உதடு இல்லை, என் புத்தி. கூடப்பிறந்தவளைப் போய்... சீ.

மார்ச் 22

அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடுக்கா. உன்னைச் சந்தேகப்பட்டேன். பால் ஆகாத ஒருத்தனுக்கே குடுத்துப் பார்த்துட்டேன். சுத்தமான முந்திரிதான்."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். திட்டவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நிஜமாவே உதடு அரிச்சுதாடா?"

"மனசுதான்க்கா. நீ சொன்னதுதான் சரி."

"அந்தப் பழைய டப்பால மிச்சம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"தூக்கிப் போட்டுடு. புதுசா செஞ்சு தரேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். எப்பேர்ப்பட்ட மனசு இவளுக்கு!

மார்ச் 25

புது சீஸ் வந்தது. அரிப்பு இல்லை. நூல் வரவில்லை, உருகவும் இல்லை, கொஞ்சம் மாவாக இருக்கிறது. 'கைப்பக்குவம் ஒருநாள் போல ஒருநாள் இருக்குமா?' என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மார்ச் 28

ஸ்பானர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையை அவன் மனைவி அலுவலகத்துக்கே கொண்டுவந்தாள். கூடவே ஒரு பிளாஸ்க். என்னம்மா அது என்றேன்.

"பால்தாண்ணே. காலையிலயும் ராத்திரியும் பெரிய டம்ளர் நிறைய குடிக்கலைன்னா இவருக்கு ஆகாது. இன்னிக்குக் குடிக்காமயே ஓடிவந்துட்டார்."

அவள் போனதும் ஸ்பானர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். டீக்குப் பால் வாங்கிவருவது எங்கள் அலுவலகத்தில் ஆள் மாற்றி ஆள் செய்கிற வேலை.

"காலங்காத்தால அந்த வரிசையில யாருண்ணே நிக்கிறது? அதான், ஆகாதுன்னு சொல்லிவச்சேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."